பூத்துக்குப் போகாமல் ஓட்டுப் போட முடியுமா? – வாசகர் கேள்வி பதில்

என் அம்மாவுக்கு 87 வயது. மூட்டு வலியில் வாசல்படி இறங்கவே முடியாது. வீட்டுக்கே வந்து ஓட்டு வாங்கிக்கொள்வார்கள் என்கிறார்களே, நிஜமா?
(வாசகி, தேனி)

நிஜம்தான். 85 வயது தாண்டியவர்களுக்கும், 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு இருப்பதாகச் சான்றிதழ் உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கும் இந்த வசதி உண்டு. முதலில் 80 வயது என்றுதான் இருந்தது, 2024-ல் 85 ஆக்கிவிட்டார்கள். தேர்தல் அறிவிக்கை வந்த ஐந்து நாளுக்குள் படிவம் 12டி-யை நிரப்பிக் கொடுக்க வேண்டும். உங்கள் பகுதி பி.எல்.ஓ. (வாக்குச்சாவடி நிலை அலுவலர்) வீட்டுக்கே கொண்டுவந்து தந்து வாங்கிப் போவார்.

அப்புறம் முன்கூட்டியே தகவல் சொல்லிவிட்டு ஒரு நாள் தேர்தல் அலுவலர்கள் இரண்டு பேர், ஒரு போலீஸ்காரர், வீடியோ எடுப்பவர் என்று ஒரு குழு வரும், கட்சி ஏஜெண்டுகளும் கூட வரலாம். மடக்கி விரிக்கும் மறைப்பு அட்டை ஒன்றை மேஜையில் வைப்பார்கள், அதற்குள் வைத்துத்தான் அம்மா சீட்டில் குறியிட்டு உறையில் போட்டு ஒட்டித் தர வேண்டும். வீடியோவில் மற்றதெல்லாம் பதிவாகும், யாருக்குப் போட்டார் என்பது பதிவாகக் கூடாது. அந்த நேரத்தில் மகன், மருமகள், பேரன் எல்லாரும் தள்ளி நில்லுங்கள். "அந்தச் சின்னத்துல போடும்மா" என்று அடுப்படியிலிருந்து குரல் கொடுக்கிற வேலையெல்லாம் வேண்டாம்.

ஒன்றை மட்டும் யோசித்துக்கொண்டு 12டி கொடுங்கள். அது ஏற்கப்பட்டால் பட்டியலில் அம்மா பெயருக்கு நேரே தபால் ஓட்டு என்று குறித்துவிடுவார்கள். குழு வந்த அன்று வீட்டில் இல்லையென்றால் இன்னொரு முறை வருவார்கள், அதையும் விட்டால் அவ்வளவுதான். 'தேர்தலன்று ஆட்டோ வைத்துக் கூட்டிப் போய்விடலாம்' என்று பூத்துக்குப் போனால் உள்ளே அனுமதி கிடையாது.

துபாயில் வேலை செய்கிறேன், இந்தியப் பாஸ்போர்ட்தான். இங்கிருந்தே ஓட்டுப் போட முடியுமா?
(வாசகர், துபாய்)

முடியாது. படிவம் 6ஏ கொடுத்து, பாஸ்போர்ட்டில் உள்ள ஊர் முகவரியில் பெயர் சேர்க்கலாம், ஆனால் ஓட்டுப் போட ஒரிஜினல் பாஸ்போர்ட்டோடு ஊருக்கு வந்தாக வேண்டும். வேறொருவர் மூலம் போடலாம் என்ற மசோதா 2018-ல் மக்களவையில் நிறைவேறியது, மாநிலங்களவையைத் தாண்டாமலேயே 2019-ல் காலாவதியானது. பெயர் சேர்க்கும் உரிமையைக் கொடுத்துவிட்டு டிக்கெட் செலவை உங்கள் தலையில் கட்டுவது எந்த ஊர் நியாயம் என்று எனக்குப் புரியவில்லை. எல்லையில் இருக்கும் ராணுவ வீரருக்கு ஓட்டுச் சீட்டை மின்னணு முறையில் அனுப்புகிறார்கள், அவர் பிரிண்ட் எடுத்துக் குறியிட்டுத் தபாலில் திருப்பி அனுப்புகிறார். அதே முறையை வெளிநாட்டில் இருப்பவர்களுக்கும் தரலாம் என்று தேர்தல் ஆணையமே 2020-ல் மத்திய அரசுக்கு எழுதியது.

பெங்களூரில் இருக்கிறேன், ஓட்டு விருதுநகரில். இங்கேயே போட ஒரு மிஷின் வரப்போவதாகச் சொன்னார்களே?
(வாசகர், பெங்களூரு)

சொன்னார்கள். 72 தொகுதிகளின் ஓட்டை ஒரே பூத்தில் வாங்கும் இயந்திரத்தை 2022 டிசம்பரில் அறிவித்து, அடுத்த மாதமே செயல்விளக்கத்துக்குக் கட்சிகளைக் கூப்பிட்டார்கள். திமுக உட்படப் பல கட்சிகள் எதிர்த்ததும் பேச்சு அடங்கிவிட்டது. புலம்பெயர்ந்தவர் என்று யாரைக் கணக்கெடுப்பது, விருதுநகர் வேட்பாளருக்குப் பெங்களூரு பூத்தில் ஏஜெண்டாக யார் உட்காருவது என்று அவர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது. ஆனாலும் முடியவே முடியாத காரியம் இல்லை, காஷ்மீரிலிருந்து இடம்பெயர்ந்தவர்கள் ஜம்முவிலும் டெல்லியிலும் தனி பூத்களில் சொந்தத் தொகுதிக்கு ஓட்டுப் போடத்தான் செய்கிறார்கள். இப்போதைக்கு உங்களுக்கு இருப்பது இரண்டே வழி: பஸ் பிடியுங்கள், அல்லது படிவம் 8 கொடுத்து ஓட்டைப் பெங்களூருக்கு மாற்றுங்கள்.

கோடிக்கணக்கில் பணம் போனில் போகிறது. ஓட்டு மட்டும் ஏன் போகக் கூடாது?
(கல்லூரி மாணவர், கோவை)

பணம் தப்பான கணக்குக்குப் போனால் எஸ்.எம்.எஸ். வரும், பேங்கில் போய்ச் சண்டை போடலாம், ஏனென்றால் யார் யாருக்கு எவ்வளவு அனுப்பினார் என்று அங்கே பதிவு இருக்கிறது. ஓட்டில் அந்தப் பதிவே இருக்கக் கூடாது. அப்படியிருக்க, தப்பு நடந்ததை எதைக் காட்டி நிரூபிப்பீர்கள்?

அதைவிட எனக்குப் பெரிய பயம் வேறு. கவர் கொடுத்தவருக்கு இன்று நீங்கள் எதில் அழுத்தினீர்கள் என்று தெரியாது, வாங்கிக்கொண்டு மனசுக்குப் பிடித்தவருக்குப் போடலாம். ஓட்டு போனுக்கு வந்தால் அவர் பக்கத்தில் உட்கார்ந்து 'இப்ப அழுத்து' என்பார். வீட்டுக்குள் புருஷனும் மாமியாரும் சொல்வதைக் கேட்க வேண்டிய பெண்களுக்கு, அந்த மறைப்புக்குப் பின்னால் கிடைக்கும் அரை நிமிஷம் சின்ன விஷயமில்லை.

எஸ்டோனியாவில் 2005 முதல் இணைய ஓட்டு இருக்கிறது, 2023 நாடாளுமன்றத் தேர்தலில் பாதிக்கு மேல் அப்படித்தான் விழுந்தது. அங்கே எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றிப் போடலாம், கடைசியாகப் போட்டதுதான் செல்லும். நேரில் போய்ச் சீட்டில் போட்டால் இணையத்தில் போட்டது ரத்து. மிரட்டிப் போட வைத்தவருக்குப் பலன் இல்லாமல் போகட்டும் என்பதுதான் கணக்கு, ஆனால் அது 14 லட்சம் பேர்கூட இல்லாத நாடு. நம் நாட்டில் 2025 ஜூனில் பீகார் சில உள்ளாட்சித் தேர்தல்களில் போன் ஓட்டைப் பயன்படுத்தியது. உள்ளாட்சியோடு நிறுத்திக்கொண்டு இன்னும் கொஞ்ச காலம் பார்க்கட்டும், சட்டமன்றத்துக்கு வேண்டாம் என்பது என் கட்சி.

தேர்தல் பணிக்குப் போகும் ஆசிரியை நான். தபால் ஓட்டு செல்லாமல் போகாமலிருக்க என்ன செய்ய வேண்டும்?
(வாசகி, திருநெல்வேலி)

உங்கள் மாவட்டத்து ராதாபுரம் கதை தெரியும்தானே? 2016 சட்டமன்றத் தேர்தலில் வெற்றி வித்தியாசம் 49 ஓட்டு, தலைமையாசிரியர் சான்றொப்பம் செல்லாது என்று தள்ளிய தபால் ஓட்டு 203! உயர் நீதிமன்றம் 2019-ல் அவற்றையும் எண்ணச் சொன்னது, முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை போட்டது. இப்போது உங்களுக்கென்று அமைக்கும் மையத்திலேயே போட வேண்டும் என்பதால் சான்றொப்பத்துக்கு அலைய வேண்டாம். உறுதிமொழிப் படிவம் 13ஏ-யை ஓட்டுச் சீட்டு இருக்கும் சின்ன உறைக்குள் வைத்துவிடாதீர்கள், அதைப் பெரிய உறையில் தனியாகப் போடுங்கள். பெரிய உறையைத் திறந்ததும் 13ஏ கண்ணில் படாவிட்டால் சின்ன உறையைப் பிரிக்காமலே ஒதுக்கிவிடுவார்கள்.