மினிக்காய் மாசி வாங்கப் போகும் காசிமேட்டு நண்பருக்கு

அந்தமானுக்குச் சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறுவதுபோல மாசிக் கருவாடு கிடைக்கும் மினிக்காய்த் தீவு இருக்கிற லட்சத்தீவுக்கும் ஏறலாமா என்று கேட்டிருந்தீர்கள். முடியாது. கப்பல் கொச்சியிலிருந்துதான். சென்ட்ரலில் ஆலப்புழை எக்ஸ்பிரஸ் பிடித்து எர்ணாகுளத்தில் இறங்குங்கள். ஆனால் அதற்கு முன்னாடி அனுமதிச் சீட்டு கையில் இருக்கணும். 1967 விதிகள்படி, தீவுக்காரர் அல்லாத இந்தியரும் அனுமதி இல்லாமல் கால் வைக்க முடியாது. அங்கே சட்டமன்றம் கிடையாது. குடியரசுத் தலைவர் நியமிக்கும் நிர்வாகிதான் எல்லாம். அதனால் இங்கே எந்தப் பெரிய புள்ளியைப் பிடித்தும் பிரயோசனமில்லை. கொச்சி வெலிங்டன் தீவில் உள்ள லட்சத்தீவு நிர்வாக அலுவலகத்தில் விசாரியுங்கள்.

விமானம் அங்கேயுள்ள அகத்தித் தீவோடு சரி, மினிக்காய்க்கு இல்லை. கொச்சியிலிருந்து கடல்வழி சுமார் 400 கி.மீ. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று, கடல் மோசம். அப்போது திட்டம் போடாதீர்கள்.

சரக்கு விஷயம்: சூரை மீனை உப்புநீரில் வேகவைத்து, புகை போட்டு, வெயிலில் காயவைத்ததுதான் மாசி. இரண்டு துண்டை ஒன்றோடொன்று தட்டினால் கட்டைபோல 'டக்'கென்று கேட்கணும். விரல் அழுந்தினால் நடுவில் ஈரம் நிற்கிறது என்று அர்த்தம். நம்மூர்ப் புழுக்கத்தில் பூஞ்சை பிடித்துவிடும். ஒன்றை உடைத்துக் காட்டச் சொல்லி வாங்குங்கள். மேல்தோலை மட்டும் பார்த்து விலை பேசாதீர்கள்.