கண்புரை ஆபரேஷனுக்குத் திருநெல்வேலிப் பக்கம் சரியான சர்ஜனை எப்படிக் கண்டுபிடிப்பது?

அம்மாவுக்கு ரெண்டு கண்ணிலும் புரை, சுகரும் உண்டு, ஊர் அம்பாசமுத்திரம், ஆளுக்கொரு ஆஸ்பத்திரி பேர் சொல்கிறார்கள், யாரை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் டாக்டர் இல்லை. பாளையங்கோட்டையில் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். ஆபரேஷன் முடிந்து, கண்ணாடிச் சீட்டோடு வருகிறவர்களை வருஷக்கணக்காகப் பார்க்கிறேன். என் பதிலை அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஆஸ்பத்திரி பேரை ஓரமாக வையுங்கள். அம்மா கண்ணில் கை வைக்கப்போவது யார், அது தெரிய வேண்டும். நம்ம ஊரில் கண் ஆஸ்பத்திரிக்குப் பஞ்சமில்லை. மதுரையில் 1976-இல் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கைகளோடு ஆரம்பித்த அரவிந்த், 1988-இல் நம்ம ஜங்ஷனுக்கும் வந்துவிட்டது. ஹைகிரவுண்டில் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. தனியாரும் நிறைய. எந்தக் கட்டடத்திலும் கை தேர்ந்தவரும் இருப்பார், புதிதாகச் சேர்ந்தவரும் இருப்பார். படிப்பு நடக்கிற ஆஸ்பத்திரியில் மூத்தவர் பக்கத்தில் நிற்க, பயிற்சியில் இருப்பவர் செய்வதும் உண்டு. அதில் தப்பு சொல்ல ஒன்றுமில்லை, எல்லா சர்ஜனும் அப்படித்தான் வந்தார்கள். ஆனால் ஒரு கண்ணில் மட்டுமே பார்வை உள்ளவர், புரை முற்றிக் கறுத்துப்போனவர் என்றால் மூத்தவரே செய்யட்டும் என்று கேட்டு வாங்குங்கள். “ஆபரேஷன் நீங்கதான பண்ணுவீங்க டாக்டர்?” என்று கேட்டால் எந்த நல்ல டாக்டரும் கோபப்பட மாட்டார். கவுண்டரில்தான் முகத்தைச் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

படிப்பைப் பார்ப்பது சுலபம். எம்.பி.பி.எஸ்.ஸுக்கு மேல் கண் மருத்துவத்தில் எம்.எஸ்., டி.என்.பி., அல்லது டி.ஓ. இருக்க வேண்டும். மருத்துவக் கவுன்சில் பதிவு எண்ணை மருந்துச் சீட்டிலேயே போட வேண்டும் என்பது விதி. அதை வைத்துக் கவுன்சில் இணையதளத்தில் தேடிப் பார்த்துவிடலாம். ஆப்டோமெட்ரிஸ்ட் என்றால் பவர் பார்ப்பவர், சர்ஜன் அல்ல. வெள்ளைக் கோட்டு போட்டால் நம்ம ஊரில் எல்லாரும் டாக்டர்தான். எங்கள் கடைப் பையனையே “டாக்டர் தம்பி” என்று கூப்பிடுகிற ஆச்சிமார் உண்டு.

பட்டம் வாசலோடு சரி. உள்ளே போனபிறகு டாக்டர் என்ன கேட்கிறார் என்று கவனியுங்கள். என் கணக்கில் அதுதான் பெரிய பரீட்சை.

முக்கூடல் பக்கமிருந்து பீடி சுற்றுகிற அக்கா ஒருவர் கடைக்கு வந்தார். ஆபரேஷனில் ஒரு குறையும் இல்லை, கண் பளிங்கு மாதிரி இருந்தது. “தூரத்துல வார பஸ்ஸு போர்டெல்லாம் தெரியுது தம்பி. இலை நரம்புதான் தெரிய மாட்டேங்கு, நூலு கட்ட முடியல” என்றார். புரையை எடுத்துவிட்டுக் கண்ணுக்குள் வைக்கிற சாதாரண லென்ஸுக்கு ஒரே ஒரு தூரம்தான் தெளிவு. பெரும்பாலும் தூரப் பார்வைக்கு வைப்பார்கள், கிட்டத்துக்குக் கண்ணாடி போட வேண்டும். அந்த அக்காவிடம் என்ன வேலை செய்கிறீர்கள் என்று யாருமே கேட்கவில்லை. கேட்டிருந்தால், அதே விலை லென்ஸிலேயே பவரை மாற்றிக் கிட்டத்தில் தெளிவு வருகிற மாதிரி வைத்து, வெளியே போகும்போது மட்டும் கண்ணாடி போடச் சொல்லியிருக்கலாம். “அம்மா, பகல்லாம் என்ன பண்ணுவீங்க?” என்று கேட்கிற சர்ஜனை விடாதீர்கள்.

சாப்பிடுகிற மாத்திரைகளையும் அவர் கேட்க வேண்டும். அப்பாமார் சிறுநீர் அடைப்புக்கு டாம்சுலோசின் சாப்பிடுவார்கள். அதைச் சாப்பிட்டவர்களுக்கு ஆபரேஷன் நடுவே கண்மணி சுருங்கி, கருவிழித் திரை தொளதொளவென்று ஆகலாம். முன்பே தெரிந்தால் அதற்கு ஏற்பாடு செய்துகொள்வார்கள். உங்கள் அம்மாவுக்குச் சுகர் என்பதால், சொட்டு மருந்து விட்டுக் கண்மணியை விரித்து விழித்திரையைப் பார்க்காமல் யாராவது தேதி கொடுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். விழித்திரையில் கோளாறு இருந்தால், புரையை எடுத்தும் பார்வை எதிர்பார்த்த அளவு வராது. அதை முன்கூட்டியே முகத்துக்கு நேரே சொல்கிறவர்தான் உங்களுக்கு வேண்டியவர்.

“லேசர்ல பண்ணுதோம்” என்பதை அப்படியே நம்ப வேண்டாம். சின்னத் துளை வழியாகப் புரையை உடைத்து உறிஞ்சி எடுப்பதுதான் வழக்கமான பேக்கோ முறை; அதில் உடைப்பது அல்ட்ராசவுண்ட். நிஜமாகவே லேசர் துணையோடு செய்வதும் உண்டு, செலவு அதிகம், ஆனால் பார்வை அதனால் கூடுதலாக வருவதாகப் பெரிய ஆய்வுகளில் தெரியவில்லை. விலை உயர்ந்த லென்ஸை விட முக்கியம், கண்ணை அளக்கும் ஸ்கேன். கண்ணின் நீளத்தில் 1 மில்லிமீட்டர் பிசகினால் பவர் சுமார் 2.5 வரை தப்பும். ரெண்டு கண்ணையும் அளந்து, வித்தியாசம் அதிகமிருந்தால் திரும்ப அளக்கிற இடம் நல்ல இடம்.

இன்னொரு கேள்வியும் கேட்டுவிடுங்கள்: லென்ஸைத் தாங்குகிற பின்புறச் சவ்வு ஆபரேஷனில் கிழிந்துவிட்டால் என்ன செய்வீர்கள், விழித்திரை டாக்டர் இங்கேயே இருக்கிறாரா? “எங்ககிட்ட அப்படியெல்லாம் நடக்காது” என்று சொல்கிற ஆளிடம் எனக்கு நம்பிக்கை வராது. எந்தக் கைக்கும் எப்போதாவது நடக்கும்.

மெட்ராஸில் சொந்தக்காரர் இருக்கிறார் என்று அங்கே கிளம்பாதீர்கள். ஆபரேஷன் முடிந்த சில நாளில் வலி, சிவப்பு கூடி, பார்வை மங்கினால் உள்ளே கிருமி பிடித்திருக்கலாம். ராத்திரி என்றாலும் அன்றைக்கே டாக்டர் பார்க்க வேண்டும். அம்பையிலிருந்து கார் பிடித்தால் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடக் குறைய ஜங்ஷன் வந்துவிடலாம்.

ஒரு கண்ணை முடித்து, அது தேறியபின் அடுத்த கண். டிஸ்சார்ஜ் அட்டையில் லென்ஸ் பவர், நம்பரோடு ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதா என்று அங்கேயே பார்த்து வாங்குங்கள். ரெண்டாவது கண்ணுக்கு வேறு டாக்டரிடம் போக நேர்ந்தாலும், முதல் கண் எப்படி அமைந்தது என்பதை அந்த ஸ்டிக்கரையும் கண்ணாடிச் சீட்டையும் வைத்துத்தான் கணக்குப் போடுவார்.