கையெழுத்துக்குக் கீழே மணியையும் எழுதுங்கள்: பிரிவு 21 பற்றிய கேள்வி-பதில்

உயிருக்கும் தனிமனிதச் சுதந்திரத்துக்கும் அரணான அரசியல் சாசனப் பிரிவு 21 குறித்து மும்பை வாசகர்கள் கேட்டவை.

என் தம்பியைச் சனிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு விசாரணை என்று கூட்டிப்போனார்கள். ஞாயிறு மதியம் கைது செய்ததாக எழுதி, மராத்தியில் இருந்த காகிதத்தில் கையெழுத்து வாங்கி, திங்கள்கிழமைதான் கோர்ட்டுக்குக் கொண்டுபோனார்கள். இது சரியா? (தாராவி)

சரியில்லை. நேரத்திலும் தவறு, மொழியிலும் தவறு.

கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்கிறது பிரிவு 22. பயண நேரம் மட்டுமே கழியும். காகிதத்தில் எழுதிய மணி கணக்கில்லை. எழுந்து வெளியே போக முடியாமல் ஒருவரைத் தடுத்த மணிதான் கணக்கு என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 1990-லேயே சொல்லியிருக்கிறது. அப்படிப் பார்த்தால் ஞாயிறு இரவு எட்டோடு கெடு முடிந்துவிட்டது. லீவு நாள் என்பது சாக்காகாது. ஹாலிடே கோர்ட் இருக்கிறது.

கைது விவரத்தைப் பதியும் ‘கைது மெமோ’வில் நேரத்துக்கான இடம் காலியாக இருக்கும்போதே கையெழுத்து வாங்கிவிடுவார்கள். கோளாறு அங்கேதான் தொடங்குகிறது. கையெழுத்துக்குக் கீழே தன் கையாலேயே தேதி, மணி, நிமிடம் எழுத வேண்டும். தமிழில் எழுதினாலும் போதும். குடும்பத்தாரோ அக்கம்பக்கத்தவரோ ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். அன்றிரவு சிசிடிவி பதிவை அழிக்காமல் வைக்கச் சொல்லி சீனியர் இன்ஸ்பெக்டருக்கு இன்றே கடிதம் கொடுங்கள். நகலில் சீல் வாங்காமல் திரும்ப வேண்டாம்.

அடுத்து மொழி. வொர்லி கார் விபத்து வழக்கில் 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்த்தது இது: எந்தக் குற்றமானாலும் கைதுக்கான காரணத்தைக் கைதானவருக்குப் புரியும் மொழியில் எழுத்தில் தர வேண்டும். அந்த நேரத்தில் முடியாவிட்டால் வாயால் சொல்லிவிட்டு, ரிமாண்டுக்கு, அதாவது காவலில் வைக்க உத்தரவு கேட்டு மாஜிஸ்திரேட் முன், நிறுத்துவதற்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் முன்பாவது எழுத்தில் தர வேண்டும். தராவிட்டால் கைதும் ரிமாண்டும் செல்லாது. மராத்தி படிக்கத் தெரியாதவரிடம் மராத்திக் காகிதத்தை நீட்டினால் அது தந்ததாகாது. ஆனால் இதனால் வழக்கே ஒழிந்துவிடாது. காரணத்தை முறைப்படி கொடுத்துவிட்டுப் போலீஸ் மறுபடி ரிமாண்ட் கேட்கலாம்.

“ஏதாவது புகார் இருக்கிறதா?” என்று மாஜிஸ்திரேட் கேட்கும்போது பயத்தில் தலையாட்டிவிட்டு வருகிறார்கள் நம் பிள்ளைகள். பிடித்த நேரத்தையும் அடித்திருந்தால் அதையும் அப்போதே சொல்லி, பதிவு செய்யச் சொல்ல வேண்டும். காவலில் இருப்பவருக்கு, வருமானம் எவ்வளவானாலும், இலவச வக்கீல் உண்டு. அழைக்க வேண்டிய எண் 15100.

பெயில் கிடைத்து மூன்று வாரம் ஆகிறது. ஊரில் மாமாவுக்கு நிலம் இருக்கிறது, அவர் ஜாமீன் நின்றால் செல்லாது என்கிறார்கள். (சயான் கோலிவாடா)

வேறு மாவட்டத்துச் சொத்து என்பதற்காக மட்டும் ஜாமீன்தாரைத் தள்ளக் கூடாது. 1978-ல் மோத்தி ராம் என்ற கொத்தனார் வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதி கிருஷ்ண ஐயர் கேட்டதே இதைத்தான்: மத்திய இந்தியாவின் பஸ்தரில் பிடிபட்ட தமிழனோ மலையாளியோ அங்கே சொத்துள்ள ஆளுக்கு எங்கே போவான்? அந்தத் தீர்ப்பை மனுவில் காட்டுங்கள். கூடவே, ஜாமீன்தாரைக் கொண்டுவரும்வரை சில வாரங்களுக்கு ப்ராவிஷனல் கேஷ் பெயில், அதாவது தற்காலிகமாகப் பணம் கட்டி வெளியே வரும் பெயில், கேளுங்கள். மும்பைக் கோர்ட்டுகளில் இது நடைமுறையில் உள்ளதுதான். ஒரு மாதமாகியும் ஜாமீன் கட்ட முடியவில்லை என்றால் நிபந்தனையைத் தளர்த்துவதைக் கோர்ட் தானாகவே பரிசீலிக்கலாம் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது.

ரயிலிலிருந்து விழுந்தவரை ‘பெட் இல்லை’ என்று ஆஸ்பத்திரி திருப்பி அனுப்பலாமா? (முலுண்ட்)

கூடாது. 1992-ல் வங்காளத்தில் இப்படியே ரயிலிலிருந்து விழுந்து, அரசு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைக்கழிக்கப்பட்டவருக்கு 1996-ல் உச்ச நீதிமன்றம் 25,000 ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. போலீஸ் கேஸ் என்று காத்திருக்க வைப்பதும் தவறு. முதலுதவிக்குப் பிறகுதான் மற்றதெல்லாம்.

எங்கள் வீட்டை இடிக்கப்போகிறார்களாம். பிரிவு 21 இருக்கும்போது இடிக்க முடியுமா? (ஆண்டாப் ஹில்)

முடியும். மும்பை நடைபாதைவாசிகள் வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த 1985-ன் ஓல்கா டெல்லிஸ் தீர்ப்பைப் பலர் தவறாகப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். சேலத்திலிருந்து பஞ்சம் பிழைக்க வந்த கூலித் தொழிலாளி ஒருவரும் அதில் மனுதாரர். பிழைப்பும் உயிருரிமையில் அடக்கம் என்றது நீதிமன்றம். அதற்காக நடைபாதையிலேயே இருக்கலாம் என்று சொல்லவில்லை. முன்னறிவிப்பும் நியாயமான முறையும் வேண்டும் என்றது.

உச்ச நீதிமன்றத்தின் 2024 நவம்பர் 13 தீர்ப்புப்படி 15 நாள் நோட்டீஸ் பதிவுத் தபாலில் வர வேண்டும், கட்டடத்திலும் ஒட்ட வேண்டும், நேரில் விசாரிக்க வேண்டும், இடிப்பதை வீடியோ எடுக்க வேண்டும். வீட்டில் ஒருவர் மேல் கேஸ் இருக்கிறது என்பதற்காக இடிக்கவே கூடாது. ஆனால் சாலை, நடைபாதை, ரயில் பாதையோரம் போன்ற பொது இடத்துக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. உங்கள் வீடு எதில் வருகிறது என்று முதலில் பாருங்கள்.

குடிசைப் பகுதியானால், இலவச மாற்று வீடு பெற, 2000 ஜனவரி 1-க்கு முன்பே இருந்ததற்கு ஆதாரம் திரட்டுங்கள். 2011 ஜனவரி 1 வரை வந்தவர்களுக்கும் பணம் கட்டி மாற்று வீடு பெற வழியுண்டு. இங்கே தமிழர்களைக் கவிழ்ப்பது இனிஷியல்தான். லைட் பில்லில் ‘எம். முருகன்’, வாக்காளர் பட்டியலில் ‘முருகன் மாடசாமி’, ஆதாரில் ‘மாடசாமி முருகன்’ என்றிருந்தால் மாற்று வீட்டுக்கு யாருக்குத் தகுதி என்று குறிக்கும் அனெக்சர் டூ பட்டியலில் தகுதியில்லை என்று போட்டுவிடுவார்கள். மூன்றும் ஒரே ஆள்தான் என்று அஃபிடவிட் போட்டு, சர்வேக்கு முன்பே கொடுத்து ரசீது வாங்குங்கள். யார் கேட்டாலும் ஒரிஜினலைக் கையில் கொடுத்துவிடாதீர்கள். காட்டிவிட்டு ஜெராக்ஸ் மட்டும் கொடுங்கள்.