மலைநாட்டில் நல்ல பீட்சாவை எப்படி அறிவது?

நுவரெலியா, எல்ல பக்கம் எந்தக் கடைக்குப் போகலாம் என்று கேட்டிருந்தீர்கள். முதலில் மாவைக் கவனியுங்கள். ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவின் குளிரில் ஈஸ்ட் மெதுவாகத்தான் வேலை செய்யும். அவசரத்துக்கு ஈஸ்டைக் கூட்டினால் அதன் வாடைதான் மேலோங்கும். இரவு முழுக்க மூடிவைத்த மாவுக்கோ தனி மணம் வரும். நம் குளிர் இதற்கு உண்மையிலேயே ஒரு வரம்.

அடுத்தது போறணை. இத்தாலியின் நேப்பிள்ஸ் நகர முறையில் 430 பாகை செல்சியஸுக்கு மேல் சூடாக்கி, 60 முதல் 90 செக்கனில் சுட்டெடுப்பார்கள். வீட்டுப் போறணை பெரும்பாலும் 250ஐத் தாண்டாது. அதனால் விறகுப் போறணை உள்ள கடைதான் என் தெரிவு. ஓரம் பொங்கி, அங்கங்கே கருகியிருக்க வேண்டும்.

சீஸ் அளவாகப் போதும். லீக்ஸ் போட்டால் முதலில் வதக்கி நீரை வற்றவிட வேண்டும். பச்சையாகப் போட்டால் அடி ஊறிப்போகும்.