ஹைபிரிட் பற்றரியை மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி: என்னிடம் 2013ஆம் ஆண்டு டொயோட்டா அக்குவா நிற்கிறது. மீற்றரில் 2,14,000 கிலோமீற்றர். வவுனியாவிலிருந்து அடிக்கடி கொழும்பு போய் வருகிறேன். போன மாதம் சிவப்பு முக்கோண விளக்கு எரிந்தது. கராஜில் காட்டினால் ஹைபிரிட் பற்றரி முழுவதையும் மாற்றச் சொல்கிறார்கள். அவ்வளவு காசு இப்போது கையில் இல்லை, வேறு வாகனம் வாங்குவதும் நினைத்துப் பார்க்க முடியாத விலை. என்ன செய்யலாம்?

பதில்: ஸ்கேன் பண்ணினார்களா, பண்ணியிருந்தால் என்ன கோட் (பழுதைக் காட்டும் குறியீடு) வந்தது? இதைக் கேட்காமல் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். அந்த முக்கோணம் பற்றரிக்கு மட்டும் எரிவதில்லை. இன்வேர்ட்டருக்கு (பற்றரி மின்சாரத்தை மோட்டருக்கு ஏற்றபடி மாற்றும் பெட்டி) கூலன்ட் அனுப்பும் பம்ப் நின்றாலும் எரியும், 12 வோல்ற் சின்னப் பற்றரி சோர்ந்துபோனாலும் டாஷ்போர்ட்டில் என்னென்னவோ வரும். பி0ஏ80 என்ற கோட் வந்திருந்தால் ஹைபிரிட் பற்றரியைச் சந்தேகிப்பதில் நியாயம் இருக்கிறது. அப்போதும் பற்றரியின் ஒவ்வொரு பகுதியிலும் வோல்ற்றேஜ் எவ்வளவு என்று, வண்டியை ஓட்டியபடியே பார்த்துக் காட்டச் சொல்லுங்கள். ஒரு பகுதி மட்டும் மற்றவற்றைவிட நன்றாகக் கீழே விழுந்தால் பற்றரிதான். நிறுத்தி வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் எல்லாம் நல்லதாகவே தெரியும்.

அதோடு பின் இருக்கைக்குக் கீழே பக்கவாட்டில் இருக்கும் காற்றுத் துவாரத்தைப் பாருங்கள். பற்றரியைக் குளிர்விக்கும் விசிறி அந்த வழியாகத்தான் காற்றை இழுக்கிறது. நம் ரோட்டுப் புழுதி, சீற் நூல், பிள்ளைகள் கொட்டிய பிஸ்கட் தூள் எல்லாம் அதற்குள் போய் அடைத்துக்கொள்ளும், பற்றரி சூடாகும், சூட்டில் வேகமாகச் சாகும். விசிறியைக் கழற்றித் துப்புரவாக்குவது பற்றரி விலையோடு பார்த்தால் ஒன்றுமே இல்லை, ஆனால் கேட்டால் ஒழிய யாரும் செய்து தருவதில்லை. அந்தத் துவாரத்தை மறைத்துப் பை, தலையணை வைக்காதீர்கள். வெயிலில் நிறுத்தி எடுத்தால் ஏசியைப் போட்டுவிட்டே ஓடுங்கள், அந்தக் குளிர்க் காற்றுத்தான் பற்றரிக்கும் போகிறது. ஒரு எச்சரிக்கை: செம்மஞ்சள் நிற வயர்களில் நீங்களாகக் கை வைக்க வேண்டாம், அது ஆளைக் கொல்லும் மின்சாரம்.

சரி, பற்றரி உண்மையிலேயே போய்விட்டது என்றால்? அக்குவாவின் ஹைபிரிட் பற்றரியில் 7.2 வோல்ற் துண்டுகள் 20, மொத்தம் 144 வோல்ற்; கராஜில் அந்தத் துண்டைத்தான் ‘செல்’ என்பார்கள். ‘பழுதான ஒரு செல்லை மட்டும் மாற்றித் தருகிறேன்’ என்பார்கள், மலிவாகவும் இருக்கும். மிச்சம் 19-க்கும் அதே வயசுதானே, சில மாதத்தில் அடுத்தது விழும், திரும்பவும் கழற்றுக் கூலி. வண்டியை விற்கப் போகிறீர்கள் என்றால் சரி (வாங்குபவரிடம் சொல்லிவிட்டு விற்கவும்), வைத்திருந்து ஓடுவதாக இருந்தால் காசு சேரும்வரை பொறுத்து முழுதாகப் புதியதைப் போடுவதே கடைசியில் மலிவு. ஆனால் சிவப்பு விளக்கு எரிய எரியக் கொழும்புக்கு ஓடவேண்டாம். உத்தரவாதத்தை எழுத்தில் வாங்குங்கள்: எத்தனை மாதம், எத்தனை கிலோமீற்றர், கழற்றிப் பூட்டும் கூலியும் அடக்கமா?

மற்றச் செலவுகளில் என்ஜின் ஒயிலைத் தள்ளிப் போடாதீர்கள். 0டபிள்யூ-20 ரக ஒயில் போடுங்கள், அளவுக் கம்பியையும் இடைக்கிடை இழுத்துப் பாருங்கள், இந்த வயசில் சில என்ஜின்கள் ஒயில் குடிக்கும். கியர்பெட்டி ஒயில் இதுவரை மாற்றாவிட்டால் டொயோட்டா டபிள்யூஎஸ் ஒயிலால் மாற்றுங்கள், வேறு எதையும் ஊற்ற விடாதீர்கள். இஜிஆர் (எரிந்த புகையில் கொஞ்சத்தைத் திரும்ப என்ஜினுக்குள் விடும் அமைப்பு) வால்வும் குழாயும் கரி பிடித்திருக்கும், அதையும் கழுவுங்கள். காலையில் ஸ்டார்ட் ஆகும்போது என்ஜின் உதறினாலோ, கூலன்ட் காரணமில்லாமல் குறைந்தாலோ ஹெட் கேஸ்கெட் (என்ஜினின் மேல் பகுதிக்கும் கீழ்ப் பகுதிக்கும் நடுவில் உள்ள தகடு) பழுதாகவும் இருக்கலாம், தள்ளிப் போட வேண்டாம். பிறேக் பாட் மட்டும் நிறைய நாள் உழைக்கும், வேகத்தைக் குறைக்கும் வேலையில் பாதியை மோட்டரே செய்கிறது. யாராவது ‘பாட் முடிந்துவிட்டது’ என்றால் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: 95 ஒக்டேன் அடித்தால் ஹைபிரிட் வண்டிக்கு நல்லதா?

பதில்: அக்குவாவுக்குத் தேவையில்லை. ஜப்பானில் அது சாதாரணப் பெற்றோலில் ஓடுவதற்கென்றே செய்த வண்டி, இங்கே 92 தாராளம். மிஞ்சும் காசில் அந்த விசிறியைத் துப்புரவாக்குங்கள்.