'அல்-வகீல்' என்றால் என்ன பொருள்? எல்லாவற்றையும் அல்லாஹ்விடம் ஒப்படைத்துவிட்டால் நாம் எதற்கு முயற்சி செய்ய வேண்டும்?

கேள்வியின் இரண்டாம் பாதிதான் உங்களை உறுத்துகிறது என்று நினைக்கிறேன். "தவக்குல் வை (அல்லாஹ்விடம் ஒப்படை), எல்லாம் சரியாகும்" என்று யாரோ சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். வேலையோ வைத்தியமோ, உங்கள் முன்னால் இருந்த காரியம் அங்கேயே கிடந்திருக்கும்.

முதலில் சொல். 'அல்-வகீல்' அல்லாஹ்வின் பெயர்களில் ஒன்று. கோர்ட்டில் நாம் சொல்லும் 'வக்கீல்' இதே அரபுச் சொல்தான். அவருக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் 'வகாலத்து'ம் அதே வேர். ஒரு காரியத்தை இன்னொருவர் பொறுப்பில் விடுவது என்பது அதன் கரு. பொறுப்பு யாரிடம் விடப்படுகிறதோ அவர் வகீல், விடுவது தவக்குல், விடுகிறவர் முதவக்கில். குர்ஆன் தமிழாக்கங்களில் 'பொறுப்பாளன்', 'பாதுகாவலன்' என்று பார்த்திருப்பீர்கள். இரண்டில் எனக்குப் 'பொறுப்பாளன்'தான் நெருக்கமாகப் படுகிறது. பாதுகாவலன் என்றால் அடி விழாமல் தடுப்பவன் என்று மட்டும் மனம் எடுத்துக்கொள்கிறது.

வக்கீல் உவமை ஓரளவுக்குத்தான் வரும். மனித வக்கீலுக்கு அதிகாரம் கட்சிக்காரர் கொடுத்தது; வகாலத்தை ரத்து செய்தால் அவர் வெளியே. அல்லாஹ்வுக்கு நாம் எந்த அதிகாரமும் கொடுப்பதில்லை. 'அல்லாஹ்வே அனைத்தையும் படைத்தவன்; அவனே ஒவ்வொன்றுக்கும் வகீல்' என்கிறது குர்ஆன் 39:62. பொறுப்பு ஏற்கெனவே அவனிடம் இருக்கிறது, நாம் அதை ஒப்புக்கொள்கிறோம், அவ்வளவுதான். ஆனால் உவமையில் ஒன்று அப்படியே பொருந்தும்: வக்கீலை வைத்துவிட்டேன் என்று யாரும் பத்திரத்தைக் கொடுக்காமல், வாய்தாவுக்குப் போகாமல் வீட்டில் படுத்துக்கொள்வதில்லை.

இனி உங்கள் கேள்வி. விடை 3:159-இல் வரிசையாகவே இருக்கிறது: காரியத்தில் அவர்களோடு கலந்து ஆலோசியும், பிறகு முடிவெடுத்துவிட்டால் அல்லாஹ்வின் மீது தவக்குல் வையும். ஆலோசனை, முடிவு, அதற்குப் பிறகு தவக்குல். முதல் இரண்டையும் தாண்டிக் குதித்துவிட்டு மூன்றாவதை மட்டும் செய்வதுதான் நம்மில் பலருக்கு வரும் கோளாறு. வசனம் வந்த நேரத்தையும் பாருங்கள். ஹிஜ்ரி 3-இல் நடந்த உஹது போருக்குப் பின் இறங்கியது. அந்தப் போருக்கு ஊரைவிட்டு வெளியே போவது என்பதே ஆலோசனையில் எடுத்த முடிவு, அதில் முஸ்லிம்கள் எழுபது பேர் ஷஹீதானார்கள் (உயிர்த்தியாகம் செய்தார்கள்). அதன் பிறகும் 'ஆலோசியும்' என்றுதான் கட்டளை வருகிறது.

இன்னும் கச்சிதமான இடம் 12:67. யஅகூப் நபி தம் பிள்ளைகளிடம், ஒரே வாசல் வழியாக நுழையாதீர்கள், வெவ்வேறு வாசல்கள் வழியாகப் போங்கள் என்கிறார். அதே மூச்சில், அல்லாஹ்வின் விதியில் எதையும் நான் உங்களைவிட்டுத் தடுக்க முடியாது, அவன் மீதே தவக்குல் வைத்தேன் என்கிறார். முன்னெச்சரிக்கையும் ஒப்படைப்பும் ஒரே வசனத்துக்குள் சண்டையில்லாமல் இருக்கின்றன.

நேரெதிர் உதாரணமும் உண்டு. யமன் நாட்டார் சிலர் கட்டுச்சோறு இல்லாமல் ஹஜ்ஜுக்குக் கிளம்புவார்கள், "நாங்கள் தவக்குல் வைத்தவர்கள்" என்பார்கள், மக்காவுக்கு வந்ததும் மக்களிடம் கையேந்துவார்கள். 'வழிக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்' என்ற 2:197 இதையொட்டி இறங்கியதாக நபித்தோழர் இப்னு அப்பாஸ் சொல்வது புகாரி ஹதீஸ் (நபிமொழி) தொகுப்பில் இருக்கிறது. அல்லாஹ்வை நம்பினோம் என்று சொன்னவர்கள் உண்மையில் சாய்ந்தது அடுத்தவர் மூட்டையில்.

'ஹஸ்புனல்லாஹு வ நிஃமல் வகீல்' (3:173): அல்லாஹ் எங்களுக்குப் போதும், அவன் எவ்வளவு நல்ல வகீல். கையைப் பிசைந்துகொண்டு உட்காரும் நேரத்து வாக்கியமாக இதை ஆக்கிவிட்டோம். வந்த இடம் வேறு. உஹதுக்கு மறுநாள், காயம் ஆறாத உடம்போடு எதிரியைத் தேடி ஹம்ராவுல் அஸத் என்ற இடத்தை நோக்கிப் புறப்பட்டவர்கள், "உங்களுக்கு எதிராகக் கூட்டம் திரண்டிருக்கிறது, பயப்படுங்கள்" என்று மிரட்டப்பட்டபோது சொன்னது. நடந்துகொண்டிருந்தவர்களின் வாக்கியம் அது. இப்ராஹீம் நபியும் நெருப்பில் எறியப்பட்டபோது இதையே சொன்னார். அங்கே அவர் கையில் செய்ய எதுவும் மிச்சமில்லை. செய்ய மிச்சம் இருப்பவருக்கும் இல்லாதவருக்கும் ஒரே வாக்கியம். கால் மட்டும் வேறு மாதிரி இயங்கும்.

நடைமுறைக்கு ஒரு வேலை மாற்றத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தத் தொழில் தெரிந்த இருவரிடம் கேளுங்கள். உங்களுக்குப் பிடித்த பதிலைச் சொல்பவரிடம் மட்டும் கேட்காதீர்கள். ஃபர்ளு (கட்டாயக் கடமை) அல்லாத இரண்டு ரக்அத் தொழுது, நல்லதைத் தேர்ந்து தரும்படி அல்லாஹ்விடம் கேட்கும் இஸ்திகாரா துஆ ஓதுங்கள். கனவு வரும் என்று காத்திருக்க வேண்டாம், இஸ்திகாராவைச் சொல்லும் ஹதீஸில் கனவைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. அந்த துஆவின் கடைசிப் பகுதியைக் கவனியுங்கள்: நன்மை எங்கே இருந்தாலும் அதை எனக்கு விதி, பிறகு அதில் என்னைத் திருப்தி கொள்ளச் செய். திருப்தி தானாக வருவதில்லை என்பதால்தான் அதையும் கேட்கச் சொல்லியிருக்கிறது. பிறகு முடிவெடுங்கள், கையெழுத்துப் போடுங்கள்.

இதற்கு மேல்தான் சிக்கல். பகலில் ஒப்படைத்ததை இரவில் போய் திரும்ப வாங்கிக்கொண்டு வருவோம்: 'அப்படிச் செய்திருந்தால்...' என்று படுக்கையில் கணக்கு ஓடும். 'முஸ்லிம்' என்ற ஹதீஸ் தொகுப்பில் வரும் ஒரு ஹதீஸ் இந்தச் சொல்லைத்தான் பிடிக்கிறது. பயன் தருவதில் ஆசை கொள், அல்லாஹ்விடம் உதவி தேடு, சோர்ந்துவிடாதே. ஏதாவது நேர்ந்தால் 'இப்படிச் செய்திருந்தால்' என்று சொல்லாதே, அந்தச் 'செய்திருந்தால்' ஷைத்தானின் வேலைக்குக் கதவு திறந்துவிடும். என்ன தவறு செய்தோம் என்று பார்த்து அடுத்த முறை திருத்திக்கொள்வதை இது தடுக்கவில்லை. மாற்ற முடியாததை மாற்றுவது போல நினைப்பில் ஓட்டிப் பார்ப்பதைத்தான் தடுக்கிறது.

"அப்படியானால் மருந்தைத்தான் நம்பச் சொல்கிறாயா?" என்று கீழே கருத்துப் பகுதியில் ஒருவர் வருவார், தெரியும். சிகிச்சை செய்துகொள்ளுங்கள் என்று நபியவர்களே சொன்ன ஹதீஸ் அபூதாவூத், திர்மிதி தொகுப்புகளில் இருக்கிறது. மாத்திரையை நிறுத்துவதற்கு அல்லாஹ்வின் பெயரைச் சாக்காகச் சொல்லாதீர்கள்.

சம்பந்தமில்லாவிட்டாலும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 'யா வகீல் என்று 66 முறை ஓதினால் கடன் தீரும்' என்ற ரக வாட்ஸ்அப் செய்திகள். இந்தப் பெயருக்கு 66 எங்கிருந்து வரும் தெரியுமா? அரபு எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் தரும் அப்ஜத் கணக்கு: வாவ் 6, காஃப் 20, யா 10, லாம் 30. எழுத்துகளின் கூட்டுத்தொகை. எத்தனை முறையும் ஓதுங்கள், நல்லதுதான், ஆனால் கூட்டலை ஹதீஸ் என்று அனுப்பாதீர்கள். அதைப் பத்துப் பேருக்கு அனுப்பாவிட்டால் கெடுதல் வரும் என்று அடியில் மிரட்டுவது, வகீல் என்ற பெயரை வைத்துக்கொண்டே பயம் காட்டுவது.

எண்ணிக்கை இல்லாமல் ஒன்று வேண்டுமானால், 'யா ஹய்யு யா கய்யூம்' என்று தொடங்கும் துஆவில் வரும் வாக்கியம்: வலா தகில்னீ இலா நஃப்ஸீ தர்ஃபத அய்ன். கண் இமைக்கும் நேரம்கூட என்னை என்னிடமே ஒப்படைத்துவிடாதே. அந்த 'தகில்னீ'யும் வகீலின் வேர்தான்.

பிள்ளைக்குப் பெயராக வைக்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். 'அப்துல் வகீல்' (வகீலின் அடியான்) என்று வையுங்கள்.