கிடங்கில் இருக்கிறது, வாய்க்கு எட்டுமா? – பேரிடர்க் கால உணவு பற்றி வாசகர் கேள்விகள்

புயல், வெள்ளம், நிலநடுக்கம் ஆகியவற்றுக்குப் பின் உணவு மக்களைச் சேர்வது பற்றி வந்த கேள்விகளில் சில இங்கே. ஊட்டச்சத்து, போக்குவரத்துப் பொறியியல், புள்ளியியல், சமூகவியல் துறையினர் சேர்ந்து பதில் எழுதியிருக்கிறார்கள்.

கேள்வி: உணவு விநியோகம் என்றால் லாரியும் கிடங்கும்தானே? இதற்கு எதற்கு இத்தனை துறை ஆராய்ச்சியாளர்கள்?

லாரி கடைவாசலோடு நின்றுவிடும். பசி வீட்டுக்குள் இருக்கிறது. இடைப்பட்ட தூரத்தில்தான் பெரும்பாலான திட்டங்கள் சறுக்குகின்றன.

2017இல் மரியா புயல் தாக்கிய பிறகு, அமெரிக்க ஆட்சிக்குட்பட்ட கரீபியன் தீவான போர்ட்டோ ரிக்கோவில் நடந்ததைப் பாருங்கள். மின்சாரம் போனதால் கடைகளில் கார்டு இயந்திரம் வேலை செய்யவில்லை. அரசு உணவு உதவியும் கார்டில்தான் வந்துகொண்டிருந்தது. ரொக்கம் எடுக்க வங்கி இயந்திரமும் ஓடவில்லை. சாலைப் பொறியாளரைக் கேட்டால் 'வழி திறந்துவிட்டது' என்பார், வணிகத் துறையினர் 'சரக்கு இருக்கிறது' என்பார்கள். இரண்டுமே உண்மைதான். ஆனாலும் கையில் காசில்லாத குடும்பத்துக்கு அடுப்பு எரியவில்லை. 1943 வங்காளப் பஞ்சத்தை ஆராய்ந்த பொருளியலாளர் அமர்த்தியா சென்னும் கிட்டத்தட்ட இதைத்தான் வாதிட்டார்: உணவு இருப்பது வேறு, அதைப் பெறும் சக்தி இருப்பது வேறு.

இருப்பு, பெறும் வழி, உடம்பில் ஒட்டுதல், இவை மூன்றும் தொடர்ந்து நிலைத்தல் என்று நான்கு தூண்களாக உணவுப் பாதுகாப்புத் துறை பிரித்துப் பேசுகிறது. ஒரு தூணை அளக்கத் தெரிந்தவருக்கு அடுத்த தூண் பெரும்பாலும் தெரியாது. கூட்டு ஆய்வு அதற்காகத்தான்.

கேள்வி: பத்தாயிரம் பேருக்கு ஒரு மாதத்துக்கு எவ்வளவு உணவு வேண்டும்? கணக்கை விளக்குங்கள்.

ஸ்பியர் எனப்படும் சர்வதேசக் குறைந்தபட்ச நெறிமுறை, ஒருவருக்கு ஒரு நாளைக்கு 2,100 கிலோ கலோரி என்பதை ஆரம்பக் கணக்காக வைக்கிறது. அதில் புரதத்திலிருந்து குறைந்தது 10 சதவீதம், கொழுப்பிலிருந்து 17 சதவீதம் வரவேண்டும். கொழுப்பு மட்டும் ஏறத்தாழ 40 கிராம்.

இதைப் பொட்டலமாக மாற்றினால், தானியம் 400 கிராம், பருப்பு வகை 60, எண்ணெய் 25, சத்தூட்டிய கலப்பு மாவு 50, சர்க்கரை 15, அயோடின் உப்பு 5. கூட்டினால் 555 கிராம். பத்தாயிரம் பேருக்கு நாளொன்றுக்கு 5.55 டன், 30 நாளுக்கு 166.5 டன். பத்து டன் லாரியில் 17 நடை.

கணக்கு இதோடு முடிந்தது என்று நினைத்தால் அங்கேதான் கோட்டை விடுவோம். மேலே சொன்ன 555 கிராமில் பெரும்பகுதி சமைக்காமல் வாயில் வைக்க முடியாதது. பாத்திரம், விறகோ எரிவாயுவோ, தண்ணீர் மூன்றும் வேண்டும். ஸ்பியர் நெறிமுறை குடிக்க, சமைக்க, சுத்தம் செய்ய எல்லாவற்றுக்குமாக ஒருவருக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 15 லிட்டர் தண்ணீர் என்கிறது. எரிபொருள் கிடைக்காத இடத்தில் முழுப் பருப்பைக் கொடுத்தால், சீக்கிரம் வேகும் வேறொன்றுக்காக மக்கள் அதை விற்றுவிடுவார்கள். அதை 'நிவாரணப் பொருளைத் தவறாகப் பயன்படுத்தினார்கள்' என்று அறிக்கையில் எழுதுவது அபத்தம். உடைத்த பருப்பை அனுப்பியிருந்தால் எரிபொருள் மிச்சமாகியிருக்கும். முதல் சில நாட்களுக்கு அப்படியே சாப்பிடக்கூடியதை மட்டும் அனுப்புங்கள். உலர் பொருள் அதற்குப் பிறகு போகட்டும்.

ஒரு எச்சரிக்கை: 2,100 என்பது சராசரி. கடுங்குளிர், கடும் உடலுழைப்பு, கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் அதிகம் என்றால் கூட்ட வேண்டும்.

கேள்வி: கைக்குழந்தைகளுக்குப் பால் மாவு டின் திரட்டி அனுப்பலாமா?

வேண்டாம். பால் மாவுக்குச் சுத்தமான நீர், கொதிக்க வைக்க எரிபொருள், கழுவிய புட்டி மூன்றும் வேண்டும். பேரிடரில் முதலில் போவது இவைதான். 2006இல் இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் ஏற்பட்ட நிலநடுக்கத்துக்குப் பிறகு நடந்த ஆய்வில், நன்கொடைப் பால் மாவு பெற்ற குழந்தைகளிடம் வயிற்றுப்போக்கு பெறாதவர்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல் காணப்பட்டது. பாலூட்டும் தாய்க்குக் கூடுதல் உணவும் தண்ணீரும் மறைவான இடமும் கொடுங்கள். தாயில்லாத குழந்தைகளுக்கு மட்டும், மருத்துவப் பணியாளர் கண்காணிப்பில், அளந்து கொடுக்கட்டும்.

கேள்வி: செயற்கைக்கோள் படமும் செல்போன் தரவும் இருக்கும்போது, வீடு வீடாகப் போய்க் கேட்க வேண்டிய அவசியம் என்ன?

இரண்டும் அருமையான கருவிகள். இரண்டுமே பொய் சொல்லும், ஆனால் எங்கே பொய் சொல்லும் என்பது தெரிந்த விஷயம்.

வெள்ளத்துக்கு ரேடார் செயற்கைக்கோள்தான் முதல் தேர்வு, ஏனென்றால் மேகத்தையும் இரவையும் அது பொருட்படுத்தாது. சென்டினல்-1 என்ற ஐரோப்பிய ரேடார் செயற்கைக்கோளின் படங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. தேங்கிய நீர் கண்ணாடிபோல் வழவழவென்று இருப்பதால் ரேடார் அலை அதில் பட்டு வேறு திசையில் போய்விடும். படத்தில் அந்த இடம் கறுப்பாகத் தெரியும். திறந்த வயல்வெளிக்கு இது சரி. குடியிருப்பில் கதை தலைகீழ்: அலை நீரில் பட்டு, சுவரில் பட்டு, நேராகத் திரும்பிவந்துவிடும். கறுப்பாக வேண்டிய இடம் வெள்ளையாகத் தெரியும். மக்கள் நெருக்கமாக வாழும் தெருக்களையே 'வெள்ளம் இல்லை' என்று வரைபடம் காட்டிவிடும். காற்றில் அலையடிக்கும் நீர்ப்பரப்பையும் அது தவறவிடக்கூடும். வழவழப்பான தார்ச்சாலை வெள்ளம்போலவே கறுப்பாகத் தெரியும். வெள்ளத்துக்கு முந்தைய படத்தோடு ஒப்பிட்டால் சாலைப் பிழை பெரும்பாலும் போய்விடும். குடியிருப்புப் பிழையைத் தீர்க்க அந்தத் தெருக்காரர் ஒருவரின் தொலைபேசி அழைப்புதான் வேண்டும். அதோடு ஒரு செயற்கைக்கோள் அதே தடத்தில் திரும்பிவர 12 நாள் ஆகும். தண்ணீர் வடிந்த பிறகு எடுத்த படம் யாருக்கும் உதவாது.

செல்போன் விஷயத்தில் 2010 ஹெய்ட்டி நிலநடுக்கம் முன்னோடி. சிம் கார்டுகளின் இடமாற்றத்தை வைத்து, நிலநடுக்கத்தன்று தலைநகரில் இருந்தவர்களில் ஏறத்தாழ 6 லட்சத்து 30 ஆயிரம் பேர் மூன்று வாரத்துக்குள் வெளியேறிவிட்டார்கள் என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். எந்தத் திசைக்கு எத்தனை பேர் என்பது உணவு அனுப்புபவருக்குப் பொன்னான தகவல். ஆனால் டவர் விழுந்தாலும் அந்தப் பகுதி காலியானதுபோலத்தான் தரவில் தெரியும். பேட்டரி தீர்ந்தாலும் அப்படியே. எந்த டவர் எந்த நாளில் ஓடவில்லை என்ற பட்டியலைத் தொலைத்தொடர்பு நிறுவனத்திடம் கூடவே கேட்டு வாங்காமல் அந்தத் தரவைத் தொடாதீர்கள். பரம ஏழைகளிடமும் சின்னக் குழந்தைகளிடமும் போன் இராது என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை.

கேள்வி: லாரிப் பாதையைக் கணினி மென்பொருளிடம் விட்டுவிட்டால் சிக்கனமாக முடிந்துவிடாதா?

சிக்கனமாக முடியும், நியாயமாக முடியாது. மூன்று முகாம்கள் என்று வையுங்கள். முதலாவதில் 500 பேர், 20 நிமிடப் பயணம். இரண்டாவதில் 300 பேர், 30 நிமிடம். மூன்றாவதில் 60 பேர், மலைப்பாதையில் 3 மணி நேரம். மேலே சொன்ன அளவுப்படி நாளொன்றுக்கு முறையே 278, 167, 33 கிலோ. 'ஒரு கிலோவுக்கு ஆகும் லாரி நேரத்தைக் குறை' என்று மென்பொருளுக்குச் சொன்னால், போக வர 6 மணி நேரம் ஆகும் 33 கிலோவை அது என்றைக்குமே கடைசியில்தான் போடும். லாரி பற்றாக்குறை வரும் நாளெல்லாம் அந்த 60 பேர்தான் பட்டினி.

திருத்தம் இரண்டு வகை. 'எந்த முகாமும் மூன்று நாளுக்கு மேல் கையிருப்பின்றி இருக்கக் கூடாது' என்று கட்டாய நிபந்தனை போடலாம். அல்லது பட்டினிக்கு ஒரு விலை வைக்கலாம். அந்த விலை நேர்கோட்டில் ஏறக் கூடாது. இரண்டாம் நாள் பட்டினி முதல் நாளைப்போல் இரண்டு மடங்கு வேதனை மட்டும் அல்ல, அதைவிட அதிகம். கோடு மேலே மேலே செங்குத்தாக வேண்டும். எவ்வளவு செங்குத்து என்பதைச் சொல்ல வேண்டியவர் ஊட்டச்சத்து நிபுணர், நிரலாளர் அல்ல.

மலை முகாமுக்குத் தினமும் போக வேண்டியதும் இல்லை. பத்து நாளுக்கு ஒருமுறை 333 கிலோ போதும், பாதை அடைபடலாம் என்பதற்காக இன்னும் மூன்று நாள் சரக்கு. அப்படியானால் அங்கே வைக்க இடம் வேண்டும். தரையில் படாமல் மரச்சட்டத்தின் மேல், சுவரை ஒட்டாமல், மேலே ஒழுகாமல். தானியத்தின் ஈரப்பதம் 14 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சை பிடிக்கும், சில பூஞ்சைகள் அஃப்ளாடாக்சின் நஞ்சைச் சுரக்கும். பாதைத் திட்டம் போடுபவருக்கு ஈரப்பதமானி எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

கேள்வி: குடும்பங்கள் உண்மையில் என்ன சாப்பிடுகின்றன என்பதை எப்படி அளப்பது?

உலக உணவுத் திட்டம் பயன்படுத்தும் உணவு நுகர்வு மதிப்பெண் எளிமையானது. கடந்த 7 நாளில் ஒவ்வொரு உணவு வகையையும் எத்தனை நாள் சாப்பிட்டீர்கள் என்று கேட்டு, அந்த நாட்களை அந்தந்த வகைக்கு உரிய மதிப்பெண்ணால் பெருக்கிக் கூட்ட வேண்டும். தானியம், கிழங்குக்கு 2, பருப்புக்கு 3, காய்க்கு 1, பழத்துக்கு 1, இறைச்சி, மீன், முட்டைக்கு 4, பாலுக்கு 4, எண்ணெய்க்கும் சர்க்கரைக்கும் அரை. 21 வரை மோசம், 35 வரை விளிம்பு, அதற்கு மேல் பரவாயில்லை. எண்ணெயும் சர்க்கரையும் தினசரி சாப்பிடும் இடங்களில் இந்த எல்லைகளை 28, 42 என்று உயர்த்துவார்கள்.

ஒரு குடும்பம் தானியம் 7 நாள், பருப்பு 2, காய் 3, எண்ணெய் 7, சர்க்கரை 5 என்றால் 14 + 6 + 3 + 3.5 + 2.5 = 29. 21, 35 எல்லைப்படி விளிம்பு நிலை. இப்போது கணக்கெடுப்பாளர், தேநீரில் விட்ட ஒரு கரண்டிப் பாலை 'பால், 7 நாள்' என்று குறித்துவிட்டார் என்று வையுங்கள். 28 கூடி 57 ஆகிவிடும். குடும்பம் உதவிப் பட்டியலிலிருந்தே விழுந்துவிடும். தேநீர்ப் பாலும் குழம்பில் வாசனைக்குப் போட்ட மீன் துண்டும் மசாலாக் கணக்கு, மதிப்பெண் பூஜ்யம். கணக்கெடுப்பாளர் பயிற்சியில் அரை நாளை இதற்கு மட்டும் ஒதுக்கினாலும் தகும்.

இன்னொன்று, நிவாரணம் வந்து எத்தனை நாள் ஆயிற்று என்ற கேள்வியையும் சேருங்கள். மூட்டை வந்த வாரத்தில் எல்லாரும் நன்றாகத்தான் சாப்பிட்டிருப்பார்கள். பாதை துண்டான ஊரை விட்டுவிட்டுப் பக்கத்து ஊரை அளப்பதும் கூடாது. பசி அதிகம் இருக்கும் இடம் பெரும்பாலும் அந்தத் துண்டான ஊர்தான்.

கேள்வி: பொருளுக்குப் பதில் பணமாகவே கொடுத்தால் என்ன?

கடை திறந்திருந்து, சரக்கும் தொடர்ந்து வந்தால் பணமே மேல். கொடுக்கும் முன் மொத்த வியாபாரிகள், சில்லறை வியாபாரிகள் சிலரிடம் கேளுங்கள்: 'விற்பனை இரண்டு மடங்கானால் ஒரு வாரத்தில் சரக்கை நிரப்ப முடியுமா?' முடியாது என்றால் பணம் விலையை மட்டுமே ஏற்றும். பணம் பெறாத பக்கத்து வீட்டுக்காரருக்கு அது இரட்டை அடி.

கேள்வி: எங்கள் பல்கலைக்கழகத்தில் மூன்று துறையினர் சேர்ந்து இதை ஆராய விரும்புகிறோம். எங்கே தொடங்குவது?

பேரிடருக்கு முன்பு. வெள்ளம் வந்த பிறகு, மக்களிடம் ஆய்வு நடத்த அனுமதி தரும் நெறிமுறைக் குழுவிடம் விண்ணப்பித்தால், அனுமதி கைக்கு வரும்போது முகாம் கலைந்திருக்கும். கேள்வித்தாள், ஒப்புதல் படிவம், தரவுப் பாதுகாப்புத் திட்டம் எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே பொது அனுமதி வாங்கி வையுங்கள். இடமும் தேதியும் மட்டும் பின்னர் நிரப்பினால் போதும் என்ற அளவில்.

அடுத்தது எது ஓர் அலகு என்ற உடன்பாடு. புவியியலாளர் கட்டடத்தை எண்ணுவார், ஊட்டச்சத்து நிபுணர் ஒரே அடுப்பில் சமைத்து உண்பவர்களை எண்ணுவார், பொறியாளர் விநியோக மையத்தை எண்ணுவார். ஒரு கட்டடத்தில் மூன்று அடுப்பு எரிந்தால் மூன்று அட்டவணையும் ஒன்றோடொன்று ஒட்டாது. அடுப்பு, நாள் இரண்டையும் அடிப்படை அலகாக வைத்து, ஒவ்வொரு அடுப்புக்கும் இடக் குறியீடு கொடுத்துவிடுவது எங்கள் பரிந்துரை. மற்றவற்றை அதிலிருந்து கூட்டிக்கொள்ளலாம், ஆனால் கூட்டியதைப் பிரிக்க முடியாது.

தரவு யாரிடம் இருக்கும், கட்டுரையில் யார் பெயர் முதலில், யார் வெளியிட மறுக்கலாம் என்பதையும் எழுத்தில் வையுங்கள். சங்கடமான பேச்சுதான். ஆனால் தரவு வந்த பிறகு பேசினால் சண்டையாகிவிடும். அடுத்த துறையின் கேள்வியைத் தன் சொற்களில் ஒருவர் திருப்பிச் சொல்லத் தெரியும் வரை கணித மாதிரி உருவாக்கத்தை ஆரம்பிக்காதீர்கள்.

உள்ளூர்த் தொண்டு அமைப்புகளையும் கடைக்காரர்களையும் கேள்வித்தாள் எழுதும்போதே கூப்பிடுங்கள். களப்பணியாற்றும் ஊர்க்காரர்களுக்குச் சம்பளம் வரவுசெலவிலேயே இருக்கட்டும். பொது வெளியீட்டில் வீட்டின் துல்லிய இடம் வேண்டாம், ஒரு கிலோமீட்டர் கட்டமாக்குங்கள். மிகச் சில குடும்பங்களே உள்ள கட்டங்களை மறைத்துவிடுங்கள், இல்லையென்றால் யாரிடம் உணவிருக்கிறது என்பதை ஊருக்கே சொன்னதாகிவிடும்.

கடைசியாக, அளக்கப்போகிறவர்கள் கையில் ஒரு பரிந்துரைச் சீட்டும் இருக்க வேண்டும். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையிலான குழந்தையின் மேல்கைச் சுற்றளவு 115 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் அது தீவிர ஊட்டச்சத்துக் குறைபாடு. அன்றைக்கே எந்தச் சிகிச்சை மையத்துக்கு அனுப்புவது, யார் வண்டி பிடிப்பது என்பது முடிவாகாமல் நாடாவை எடுத்துக்கொண்டு களத்தில் இறங்காதீர்கள்.